ஒரே கூரை, இரண்டு வாசல்!

எவரெஸ்ட் உச்சியில் பாதி நேபாளம், பாதி சீனா. எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் செலவு, அனுமதி, ஆபத்து எல்லாமே!

2021 மே மாதம். உலகமே முகக்கவசத்துக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நேரம். திபெத் பக்கத்திலிருந்து 21 சீனர்கள் எவரெஸ்ட் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் திபெத்திய வழிகாட்டிகள் சிலரை உச்சிக்கு அனுப்பப்போவதாகச் சீன அரசுச் செய்தி நிறுவனம் சொன்னது. வழிகாட்டிகளுக்குக் கொடுக்கப்பட்ட வேலைதான் விநோதம். உச்சியில் ஒரு கோடு போட வேண்டும். நேபாளத்திலிருந்து ஏறி வருகிறவர்கள் அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம். ஒருவரை ஒருவர் நெருங்கக் கூடாது. நேபாளத்தின் அடிவார முகாமில் கொரோனா பரவியிருந்தது. அது மலை ஏறி, இந்தப் பக்கம் இறங்கி வந்துவிடுமோ என்ற பயம்.

கோடு என்றால் கயிறா, கொடியா, கோலப்பொடியா? அறிவிப்பில் அந்த விவரம் இல்லை.

அந்த இடத்தைக் கொஞ்சம் மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டால் எவ்வளவு இடம் வருமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் உச்சி. காற்றில் கிழிந்து நூல் நூலாகி, பாதி பனிக்குள் புதைந்துபோன பிரார்த்தனைக் கொடிகள். அவற்றின் நடுவே யாரோ வைத்துவிட்டுப்போன புத்தர், யாருடைய அம்மாவோ ஒருத்தியின் புகைப்படம். கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்குதான் அங்கே. விட்ட மூச்சின் ஈரம் முகமூடியிலேயே உறைந்து கட்டி தட்டும். கையுறையைக் கழற்றிப் படம் எடுத்து, விரலைத் தொலைத்தவர்கள் உண்டு. அங்கே நிற்கிற ஆளுக்குத் தன் பெயர் ஞாபகம் வரவே சற்று நேரமாகும். அவரிடம் போய், ‘சார், கோட்டைத் தாண்டாதீங்க’ என்றால்?

சில நாட்களில் சீனா அந்தப் பருவத்தின் ஏற்றத்தையே ரத்து செய்துவிட்டது. கோடும் போடப்படவில்லை. சிரித்துவிட்டு மறந்துவிடலாம்தான். ஆனால், மலையேறிகள் ஒரு விஷயம் சொல்வார்கள். அந்தக் கோடு ஏற்கெனவே அங்கே இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அதை மீறினால் என்ன ஆகும், மதித்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த மலையின் நூறு வருடக் கதை.

இடறினால் எந்த நாடு?

எவரெஸ்ட் நேபாளத்தில் இருக்கிறது என்றுதான் நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்தோம். சீனப் பிள்ளைகளும் அது தங்கள் நாட்டில் இருப்பதாகப் படிக்கிறார்கள். இரண்டுமே சரி.

மூன்று முகடுகள் சேருகிற புள்ளிதான் உச்சி. அவற்றில் மேற்கு முகடும் தென்கிழக்கு முகடும் எல்லைக்கோடு. மூன்றாவதான வடகிழக்கு முகடு முழுக்கத் திபெத்துக்குள். நேபாளம் வழியாக ஏறுகிறவர்கள் கடைசி இரவில் தெற்குக் கணவாயிலிருந்து கிளம்பி, தென்கிழக்கு முகட்டைப் பிடித்து நடக்கிறார்கள். அதாவது, ‘நேபாளப் பக்கம்’ என்று சொல்கிறோமே தவிர, அந்தக் கடைசி நடை எல்லைக்கோட்டின் மேலேயே நடக்கிறது. உச்சிக்குச் சற்று முன்னால் கத்தி முனை மாதிரி ஒரு பனி வரப்பு வரும். இடது பக்கம் வழுக்கினால் சுமார் 2,400 மீட்டர் கீழே நேபாளம். வலது பக்கம் வழுக்கினால் சுமார் 3,000 மீட்டர் கீழே சீனா. பாஸ்போர்ட் இல்லாமல், விசா இல்லாமல்.

இந்தக் கோடு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960 மார்ச்சில் நேபாளப் பிரதமர் பி.பி. கொய்ராலா பீஜிங் போனபோது, மலை முழுதும் தங்களுடையது என்ற பேச்சை எடுத்தது சீனா. கொய்ராலா மசியவில்லை. ஆளுக்குப் பாதி என்ற யோசனை மாவோவிடமிருந்து வந்தது. 1961 அக்டோபர் 5 அன்று மன்னர் மகேந்திரா காலத்தில் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது, கோடு உச்சி வழியாகப் போனது.

இதற்கு நடுவில், 1960 மே 25 அன்று ஒரு சீனக் குழு வடக்கு வழியாக உச்சியைத் தொட்டுவிட்டதாக அறிவித்தது. ‘இரண்டாம் படி’ என்று அழைக்கப்படும் செங்குத்துப் பாறையில், சக வீரரின் தோளில் ஏறி நிற்பதற்காகத் தன் ஆணி பூட்ஸைக் கழற்றினார் சூ யின்ஹுவா. நண்பனின் தோள் கிழியக் கூடாதே என்ற நினைப்பு. கால்விரல்களைப் பனி தின்றுவிட்டது. உச்சியை எட்டியது இருட்டில் என்பதால் புகைப்படம் இல்லை. மேற்கத்திய நாடுகள் பல வருடம் நம்பவும் இல்லை. மலையில் பாதி தனது என்று சொல்வதற்குமுன் அதன் தலையில் ஏறியிருக்க வேண்டும் என்று சீனா நினைத்திருக்கலாம். அதற்கான விலையைக் கொடுத்தவர் அந்த மனிதர்.

பெட்டிச் செய்தி: பரங்கிமலையில் போட்ட பிள்ளையார் சுழி

எவரெஸ்டின் உயரத்தைக் கண்டுபிடித்த மாபெரும் முக்கோண அளவைப் பணி தொடங்கிய இடம் சென்னை. 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே முதல் அடிக்கோட்டை அளந்தார் வில்லியம் லாம்டன். 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மீது அரை டன் எடையுள்ள அளவைக் கருவியை ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி மோதிச் சிதைந்தது. மனிதர் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்.

அளவைக்காரர்கள் இமயமலை அடிவாரத்துக்கு வந்தபோது நேபாளம் உள்ளே விடவில்லை. 160 கிலோமீட்டருக்கும் அப்பால், இந்தியச் சமவெளியில் நின்றபடிதான் ‘15ஆம் எண் சிகர’த்தை அளந்தார்கள். கணக்குப் போட்டவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். 1856ல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. பெயர் மட்டும் அளவைப் பணியின் முன்னாள் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்டுக்குப் போனது. அவரோ, உள்ளூர்க்காரர்கள் வாயில் நுழையாத பெயர் என்று அதை எதிர்த்தவர். அவர் குடும்பம் உச்சரித்தது ‘ஈவ்ரெஸ்ட்’. உலகமே இன்றுவரை தப்பாகத்தான் கூப்பிடுகிறது.

ஒன்றைச் சாத்தினால் மற்றொன்றில் கூட்டம்

1921 முதல் 1938 வரை வந்த பிரிட்டிஷ் குழுக்கள் எல்லாமே திபெத் வழியாகத்தான் வந்தன. நேபாளம் அப்போது வெளிநாட்டினரை விடாது. 1924ல் பிரிட்டிஷ் மலையேறிகளான மேலரியும் இர்வினும் கடைசியாக மேகத்துக்குள் மறைந்தது அந்த வடக்குப் பக்கத்தில்தான். மேலரியின் உடல் 1999ல் கிடைத்தது. 2024ல் ரோங்புக் பனியாற்றில் ஒரு பூட்ஸ் தலைகாட்டியது. உள்ளே ஒரு பாதம், காலுறையில் ‘ஏ.சி. இர்வின்’ என்று தைத்த சிவப்பு எழுத்துப் பட்டி. நூறு வருடத்துக்குமுன் யாரோ ஊசி நூல் எடுத்துத் தைத்தது!

1950ல் திபெத்தின் கதவு மூடியது. அதே காலத்தில் நேபாளம் கதவைத் திறந்தது. அதனால்தான் 1953ல் டென்சிங்கும் ஹிலாரியும் தெற்கிலிருந்து ஏறினார்கள். மலை அதேதான். வாசல் மாறியதால் வரலாறு வேறு ஊர் வழியாகப் போனது.

அடுத்தடுத்த உதாரணங்கள் இன்னும் சுவாரஸ்யம். 2008ல் பீஜிங் ஒலிம்பிக் ஜோதியை உச்சிக்குக் கொண்டுபோனது சீனா. போராட்டக்காரர்கள் யாரும் குறுக்கே வந்துவிடக் கூடாதென்று வடக்குப் பக்கத்தை மூடியது. அதோடு விடவில்லை. நேபாளத்திடமும் சொல்லி, தெற்குப் பக்கத்தில் ஏறுகிறவர்களையும் பாதி மலையில் நிறுத்திவைத்தது. மே 8 அன்று ஜோதி உச்சிக்குப் போய் வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு வழி. பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் நம் வீட்டு வாசலையும் மூடச் சொன்ன மாதிரி!

2020 முதல் 2023 வரை வெளிநாட்டினருக்கு வடக்கு வாசல் சாத்தியே கிடந்தது. கூட்டம் மொத்தமும் தெற்கில். 2023 வசந்தத்தில் நேபாளம் கொடுத்த அனுமதிகள் 478. அதற்குமுன் அவ்வளவு கொடுத்ததே இல்லை. 2019ல் 381 அனுமதிகளுக்கே என்ன ஆனது என்பதை மலையேறி நிர்மல் புர்ஜா எடுத்த ஒரு புகைப்படம் காட்டியது. ரேஷன் கடை வரிசை மாதிரி, எல்லைக்கோட்டின் மேல் வண்ண வண்ண உடைகளில் மனிதர்கள். ஒரே கயிற்றில் மாட்டிக்கொண்டு, முன்னால் இருப்பவர் நகர்ந்தால்தான் நகர முடியும் என்ற நிலை. சிலிண்டரில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பருவத்தில் இறந்தவர்கள் 11 பேர். நேபாளப் பக்கம் 9, திபெத் பக்கம் 2. எல்லா மரணத்துக்கும் வரிசைதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், நின்ற ஒவ்வொரு நிமிடமும் அந்த உயரத்தில் உடம்பு செலவாகிறது.

சீனா வடக்கில் வருடத்துக்கு 300 பேருக்குள் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நேபாளத்தில் உச்ச வரம்பு கிடையாது. 2024ல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, மலை தாங்குகிற அளவுக்கு அனுமதியைக் கட்டுப்படுத்தச் சொன்னது. அனுமதி கேட்பவர் ஏற்கெனவே நேபாளத்தில் ஒரு 7,000 மீட்டர் சிகரமாவது ஏறியிருக்க வேண்டும் என்று சொல்லும் மசோதா 2025ல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. நேபாளத்தை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சீனாவுக்கு இந்த மலை கௌரவம். நேபாளத்துக்கு இது சோறு. கௌரவத்துக்கு வரம்பு வைக்கலாம், சோற்றுக்கு வைப்பது கஷ்டம்.

ஜீப்பா, ஏணியா?

சரி, போவதென்றால் எந்த வாசல்? இரண்டிலும் முள் இருக்கிறது.

வடக்கில் சுமார் 5,200 மீட்டர் உயரத்திலுள்ள அடிவார முகாம்வரை வண்டியிலேயே போய் இறங்கலாம். தார்ச்சாலை. இறங்கியதுமே தலை கிறுகிறுக்கும், அது வேறு. ஏறும் அனுமதி இல்லாத சுற்றுலாப் பயணிகளை ரோங்புக் மடாலயத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். குப்பை பெருகியதால் வந்த தடை. மேலே குளிரும் காற்றும் தெற்கைவிட மோசம். உச்சி முகட்டில் நீண்ட நேரம் வெட்டவெளியில் நடக்க வேண்டும். இரண்டாம் படியில் 1975ல் சீனர்கள் ஓர் ஏணி கட்டினார்கள். சூ யின்ஹுவாவுக்குத் தோள் கொடுத்த இடத்தில் இப்போது ஏணி தோள் கொடுக்கிறது. பெரிய குறை என்னவென்றால், அங்கே ஹெலிகாப்டர் மீட்பு கிடையாது. காலை ஒடித்துக்கொண்டால் யாராவது இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

தெற்கில் லுக்லாவில் விமானம் இறங்கி, நாம்சே பஜார் வழியாக ஒரு வாரத்துக்கும் மேல் நடந்து 5,364 மீட்டர் உயரத்திலிருக்கும் முகாமுக்கு வர வேண்டும். உடம்பு பழகிக்கொள்ள அந்த நடையே மருந்து. ஹெலிகாப்டர் இரண்டாம் முகாம்வரை வரும். ஆனால், அடிவார முகாமிலிருந்து எழுந்து பார்த்தால் எதிரே நிற்பது கும்பு பனியருவி. வீடு வீடாகப் பிளந்து நிற்கும் பனிப்பாளங்கள். அவை நின்ற இடத்தில் நிற்பதில்லை, நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பிளவுகளின்மேல் அலுமினிய ஏணிகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிப் பாலம் போடுவார்கள். பூட்ஸ் ஆணி ஏணிப் படியில் படும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம். கீழே பார்த்தால் நீலம், அதற்கும் கீழே கறுப்பு.

அந்த ஏணிகளைப் போடுகிறவர்களுக்கு ‘பனியருவி டாக்டர்கள்’ என்று பெயர். ஊசி போடுகிற டாக்டர்கள் அல்லர். நாள்தோறும் பனியின் நாடி பார்த்து, உடைந்த பாதைக்குக் கட்டுப்போடுகிற ஷெர்பாக்கள்.

பெட்டிச் செய்தி: கட்டணமும் கொண்டையும்

நேபாளத்தில் வசந்த காலத்தில் எவரெஸ்ட் ஏற வெளிநாட்டவருக்கான அனுமதிக் கட்டணம் 11,000 டாலராக இருந்தது. 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர். நம் பணத்தில் 13 லட்சத்தைத் தாண்டுகிறது. இது நுழைவுச்சீட்டு மட்டுமே. ஷெர்பா, ஆக்சிஜன், உணவு, கூடாரம் எல்லாம் சேர்த்தால் பல மடங்கு.

உயரத்திலும் இரண்டு நாட்டுக்கும் பல வருடம் தகராறு. 2005ல் சீனா பனியை ஒதுக்கிவிட்டுப் பாறைவரை மட்டும் அளந்து 8,844.43 மீட்டர் என்றது. பனியோடு சேர்த்து 8,848 என்றது நேபாளம். கொண்டையோடு அளப்பதா, கொண்டை இல்லாமலா? 2020 டிசம்பர் 8 அன்று இரண்டு நாடும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். கொண்டை ஜெயித்தது!

சுமக்கிறவர்களின் ஊர் எது?

ஷெர்பா என்றால் கிழக்கத்தியர் என்று பொருள். சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் திபெத்திலிருந்து மலை தாண்டி வந்தவர்கள். எல்லைக்கோடு வருவதற்குமுன் நாங்பா கணவாய் வழியாக யாக்குகளில் திபெத் உப்பு இந்தப் பக்கம் வரும், இந்தப் பக்கத்துத் தானியம் அந்தப் பக்கம் போகும். பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். 1902ல் உருவான திபெத்தின் ரோங்புக் மடாலயத்து லாமாவின் யோசனையில்தான் 1916ல் நேபாளத்தில் தெங்போச்சே மடாலயம் எழுந்தது. நடுவில் நிற்கும் மலையில் மியோலாங்சங்மா என்ற அம்மன் குடியிருப்பதாக இரண்டு பக்கமும் நம்பினார்கள். இன்றும் அடிவார முகாமில் கல் மேடை கட்டி, பனிக்கோடாரிகளைச் சாத்திவைத்து, பூஜை போட்டுவிட்டுத்தான் ஷெர்பாக்கள் முதல் அடி வைக்கிறார்கள்.

அதே நாங்பா கணவாயில் 2006 செப்டம்பர் 30 அன்று, நேபாளத்துக்குத் தப்பிப்போய்க்கொண்டிருந்த திபெத்தியர்கள்மீது சீன எல்லைக் காவலர்கள் சுட்டார்கள். பக்கத்திலிருக்கும் சோ ஓயு சிகரம் ஏற வந்த வெளிநாட்டினர் கண்ணெதிரே நடந்தது. ஒருவர் படமே பிடித்துவிட்டார். பனியில் விழுந்து இறந்தது ஒரு 17 வயது பிக்குணி. பணம் கட்டியவனுக்கு எல்லைச் சிகரம் சாகசம். அந்த ஊரில் பிறந்தவளுக்கு அது சுவர்.

டென்சிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்தது திபெத்திலா, நேபாளத்திலா என்பதில் இன்றும் இரண்டு கருத்து இருக்கிறது. பிழைக்க வந்து குடும்பம் நடத்தியது டார்ஜிலிங்கில். 1953ல் உச்சியில் அவர் தூக்கிப்பிடித்த கோடாரியில் ஐ.நா., பிரிட்டன், நேபாளம், இந்தியா என்று நான்கு கொடிகள் பறந்தன. கீழே வந்ததும், ‘எங்க ஆளு’ என்று ஆளாளுக்கு இழுத்தார்கள்.

2014 ஏப்ரல் 18 காலை. பனியருவியில் சுமை தூக்கிப்போய்க்கொண்டிருந்த 16 நேபாளத் தொழிலாளர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். ஈமச்செலவுக்கென்று குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் தருவதாக அரசு சொன்னது. ஒரு வெளிநாட்டுக்காரரின் அனுமதிச் சீட்டுக்கு அரசு வாங்குவது அதைப்போலப் பல மடங்கு. ஷெர்பாக்கள் கொதித்துப்போய் அந்த வருடம் ஏற மாட்டோம் என்றார்கள். தெற்குப் பக்கம் ஓய்ந்தது. மலையின் மறுபக்கத்தில், அதே வாரங்களில், குழுக்கள் வழக்கம்போல ஏறிக்கொண்டிருந்தன.

பெட்டிச் செய்தி: மே 23, இரண்டு தடவை

மலேசியாவிலிருந்து முதன்முதலில் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டவர்கள் இரண்டு தமிழர்கள், எம். மகேந்திரனும் என். மோகனதாஸும். நாள், 1997 மே 23. சரியாக 26 வருடம் கழித்து, 2023 மே 23 அன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி உச்சி தொட்டார். தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண்.

தாண்டி இறங்கியவர்கள்

ஏறிய வழியிலேயே இறங்க வேண்டும் என்பதுதான் இரண்டு வாசலின் விதி. மீறியவர்களும் உண்டு. 1963ல் அமெரிக்கர்களான ஹார்ன்பைனும் அன்சோல்டும் நேபாளத்திலிருந்து மேற்கு முகட்டில் ஏறி, வடக்குச் சுவரின் பனிப்பிளவு ஒன்றுக்குள் நுழைந்தார்கள். கணக்குப்படி அது சீனா! உச்சியைத் தாண்டி நேபாளப் பக்கம் இறங்கி, இருட்டில் திறந்தவெளியில் இரவைக் கழித்தார்கள். காலை வந்தது. அன்சோல்டின் ஒன்பது கால்விரல்கள் போயின.

1988 மே 5 அன்று அரசுகளே சம்மதித்து ஒரு விழா எடுத்தன. சீனா, ஜப்பான், நேபாளம் மூன்றும் சேர்ந்த குழு. சிலர் வடக்கிலிருந்து, சிலர் தெற்கிலிருந்து. நடுவில் உச்சியில் சந்திப்பு, பிறகு ஒருவர் வந்த பாதையில் மற்றவர் இறக்கம். ஜப்பான் தொலைக்காட்சி உச்சியிலிருந்து நேரலை செய்தது.

2017ல் போலந்துக்காரர் ஒருவர் விழா இல்லாமல், சம்மதமும் இல்லாமல் அதையே செய்தார். திபெத் அனுமதியில் ஏறி, நேபாளம் வழியாக இறங்கினார். உயிரோடு வந்ததற்குக் கைத்தட்டல் எதிர்பார்த்தாரோ என்னவோ, நேபாளம் அவருக்கு மலையேறப் பல வருடத் தடை கொடுத்து அனுப்பியது. அரசாங்கத்தின் பார்வையில் நியாயம்தான். காசு கட்டாமல் வீட்டுக்குள் நுழைந்து கொல்லை வழியே போனால் யார் விடுவார்கள்?

இப்போது பனியருவிக்குமேல் ஒரு புதிய சத்தம் கேட்கிறது. 2024 ஏப்ரலில் நேபாள அடிவார முகாமிலிருந்து முதல் முகாமுக்கு டிரோன் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 15 கிலோ சுமையோடு போய்த் திரும்ப 12 நிமிடம். ஷெர்பாவுக்கு அதே வேலை ஆறு முதல் எட்டு மணி நேரம், சரிந்து விழக் காத்திருக்கும் பனிப்பாளங்களுக்கு அடியில். அடுத்த வருடமே ஏணியும் கயிறும் ஆக்சிஜனும் டிரோனில் போகத் தொடங்கின. ஒரு பிள்ளையின் அப்பா பனியருவிக்குள் போகும் நடைகளில் சில குறையும். அந்த நடைகளுக்குக் கிடைத்த கூலியும் குறையும்.

டிரோன் தயாரான நாடு சீனா. சத்தம் கேட்பது நேபாளத்தில். ஏணியோடு மேலே போனது, திரும்பி வரும்போது குப்பை மூட்டையைக் கட்டித் தூக்கிவருகிறது.